பிரஷரைக் குறைக்க எந்தப் பயிற்சி: நடையா, சுவர்க்குந்தா, ஜிம்மா?

கிளினிக்கில் "உடற்பயிற்சி செய்யுங்கோ" என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். எது, எவ்வளவு, எந்த நேரத்தில் என்பது அந்த வரியில் இராது. வீட்டுக்கு வந்தால் ஆளுக்கொரு யோசனை. மகன் ஜிம்மைச் சொல்வார், பக்கத்து வீட்டு அன்ரி யோகா வகுப்பைச் சொல்வா, யாராவது சுவரில் சாய்ந்து குந்தும் வீடியோ ஒன்றை வட்ஸ்அப்பில் அனுப்பி இதை விஞ்ச ஒன்றுமில்லை என்பார். எல்லாவற்றையும் கேட்டவர் எதையும் தொடங்காமலே அடுத்த கிளினிக் திகதிக்குப் போய் நிற்பார்.

"எதைச் செய்தால் அதிகம் இறங்கும்?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். வகைக்கு வகை வித்தியாசம் உண்டுதான், ஆனால் அது சில புள்ளிகளுக்குள் முடிந்துவிடும். மழை கொட்டும் வியாழக்கிழமையும், விருந்தாளி வந்த சனிக்கிழமையும் தவறாமல் நடக்கிற பயிற்சி எது என்று பார்த்துத் தெரிவு செய்வதில்தான் பெரிய வித்தியாசம் இருக்கிறது. கீழே உள்ள ஒப்பீடு, கொழும்பில் இருப்பவரை மனதில் வைத்து, அந்த எண்ணத்தோடு எழுதப்பட்டது.

தொடங்க முன்

ஓய்வாக இருக்கும்போதே 180/110 அல்லது அதற்கு மேல் காட்டுகிறவர் எந்தப் பயிற்சியையும் தொடங்கக் கூடாது. முதலில் வைத்தியர், பிறகுதான் பயிற்சி. 160/100க்கு மேல் நிற்பவரும் மாரடைப்பு, பக்கவாதம், இதயப் பலவீனம், சிறுநீரக நோய் இருந்தவரும் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். பயிற்சியின்போது நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் நோவு, தலைசுற்றி விழப்போகும் உணர்வு, வாய் கோணுதல், ஒரு பக்கம் சோர்தல், பேச்சுக் குழறுதல் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அது இலவசம். கொஞ்சம் இருந்து பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம்.

குளிசையை நீங்களாக நிறுத்தக் கூடாது. நன்றாகச் செய்த பயிற்சி, ஒரு பிரஷர் குளிசையின் சாதாரண அளவு தரும் இறக்கத்துக்குக் கிட்ட வரும். அளவைக் குறைப்பது, அந்த இறக்கத்தைச் சில மாதங்கள் பார்த்த பிறகு வைத்தியர் எடுக்கும் முடிவு.

எதை வைத்து ஒப்பிடுவது

முதலாவது, மேல் எண் (120/80 என்றால் 120) சராசரியாக எவ்வளவு இறங்குகிறது. பிரித்தானிய விளையாட்டு மருத்துவ ஆய்விதழில் 2023இல் வந்த தொகுப்பாய்வு 270 பரிசோதனைகளை, 15,800க்கு மேற்பட்டவர்களின் அளவுகளோடு ஒன்றாக எடுத்துப் பார்த்தது. நடை, சைக்கிள் போன்றவற்றில் மேல் எண் ஏறத்தாழ 4.5 புள்ளி இறங்கியது. எடைப் பயிற்சியில் 4.5, இரண்டையும் சேர்த்தால் 6, அசையாமல் பிடித்திருக்கும் பயிற்சிகளில் 8. சுவர்க்குந்து வீடியோ பரவியதற்குக் காரணம் இந்த 8தான். ஆனால் அந்த ஆய்வில் சாதாரண பிரஷர் உள்ளவர்களும் இருந்தார்கள். ஏற்கனவே பிரஷர் கூடியவர் ஒழுங்காக நடந்தால் 5 முதல் 8 வரை இறங்கும் என்றே எதிர்பார்க்கலாம். அசையாப் பயிற்சி பற்றிய பரிசோதனைகள் நடையைவிட எண்ணிக்கையில் குறைவு, பெரும்பாலும் சில வாரங்களே நடந்தவை. எனவே 8, 4.5 என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்து "இரட்டிப்பு பலன்" என்று கணக்குப் போடுவது சரியல்ல.

இரண்டாவது, செய்துகொண்டிருக்கும் கணத்தில் பிரஷர் எவ்வளவு ஏறுகிறது. எந்தப் பயிற்சியிலும் ஏறும். நடையில் மேல் எண் மட்டும் மெதுவாக ஏறி, நின்றதும் இறங்கிவிடும். மூச்சை அடக்கிப் பாரம் தூக்கினால் இரண்டு எண்களும் திடீரென்று பாயும். 1985இல் பாரம் தூக்கிய உடற்கட்டு வீரர்களின் நாடிக்குள்ளேயே குழாய் வைத்து அளந்தபோது, இரு கால்களாலும் பாரம் தள்ளிய ஒருவரில் 480/350ஐயும் தாண்டிப் பதிவானது. அவர்கள் ஆரோக்கியமான இளைஞர்கள்.

மூன்றாவது, ஒரு தடவை செய்ததன் பலன் எவ்வளவு நேரம் நிற்கிறது. அரை மணி நடந்து முடிந்தபின் தசைகளின் குருதிக் குழாய்கள் விரிந்தபடியே இருக்கும், நரம்புகளின் முறுக்கும் தளர்ந்திருக்கும். அதனால் பல மணி நேரத்துக்கு, சிலரில் அடுத்த நாள் வரைக்கும், எண் சற்றுத் தாழ்ந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக இரண்டரை மணி நேரம் நடப்பது ஐந்து நாள் அரை மணி நடப்பதற்கு ஈடாகாது என்பதற்குக் காரணம் இதுதான்.

நான்காவது கொழும்பு. இங்கே வருடம் முழுக்க வெக்கை, காற்றில் எப்போதும் ஈரம். வியர்வை வடியும், ஆனால் காயாது. காயாத வியர்வை உடலைக் குளிர்விக்காது. அதே வேகத்தில் நடந்தாலும் இதயம் கூடுதலாக அடிக்கும், தோலின் குழாய்கள் விரியும், உடலில் நீர் குறையும். அதற்கு மேல் நீர் போகச் செய்யும் குளிசையும் உள்ளே இருந்தால் தலை சுற்றும்.

ஐந்தாவது மறைந்த செலவு. காசு மட்டுமல்ல, முழங்கால், பயண நேரம், போட்டதை விட்டுவிட்ட மனச்சோர்வு எல்லாம் இதில் அடங்கும்.

| வழி | கிழமைக்கு | மேல் எண் இறக்கம் | காசு | மழை, வெக்கை | கவனம் வேண்டியவர் |
|---|---|---|---|---|---|
| வேக நடை | 30 நிமிடம், 5 நாள் | 4–5. பிரஷர் கூடியவரில் 5–8 | சப்பாத்து மட்டும் | பெரிய தடை | முழங்கால் தேய்வு, பாதப் புண் |
| சுவர்க்குந்து | 14 நிமிடம், 3 நாள் | சுமார் 8 | இல்லை | தடையில்லை | முழங்கால் நோ, கண் விழித்திரை நோய், நாடி வீக்கம் |
| நிலைச் சைக்கிள் | 30 நிமிடம், 5 நாள் | நடையைப் போல | முதலில் பெரிய தொகை | தடையில்லை | நாரி நோ |
| எடைப் பயிற்சி | 40 நிமிடம், 2–3 நாள் | 4–5. நடையோடு சேர்த்தால் 6 | ஜிம் கட்டணம் அல்லது இறப்பர் இழுபட்டி | தடையில்லை | கட்டுப்படாத பிரஷர் |
| நீச்சல் | 30 நிமிடம், 3–4 நாள் | நடையைப் போல | கட்டணமும் பயணமும் | இடி மின்னலில் இல்லை | வலிப்பு, காதுத் தொல்லை |
| யோகா, மூச்சு | 30 நிமிடம், 5 நாள் | ஆய்வுக்கு ஆய்வு மாறும் | குறைவு | தடையில்லை | தலைகீழ் ஆசனங்கள் |

வேக நடை

வேறு எதுவும் தெரிவு செய்ய முடியாவிட்டால் இதைத் தொடங்குங்கள். பிரஷரோடு சீனி, கொழுப்பு, எடை, நித்திரை எல்லாவற்றுக்கும் ஒன்றாக உதவுகிற வழி இது. மிக நீண்ட காலம் ஆராயப்பட்டதும் இதுவே.

சரியான வேகம் நிமிடத்துக்கு 100 காலடியில் தொடங்குகிறது. மணிக்கூட்டைப் பார்த்து 30 விநாடிக்கு 50 காலடி வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள். இன்னொரு சோதனையும் உண்டு. நடக்கும்போது பக்கத்திலிருப்பவரோடு கதைக்க முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. கடைக்குப் போகும் நடையில் பாடலாம், அது கணக்கில் சேராது. அட்டெனோலோல், பிசோப்புரோலோல் போன்ற குளிசை எடுப்பவர்கள் கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை நம்பக் கூடாது. அந்தக் குளிசைகளே துடிப்பை ஏறவிடாமல் வைத்திருக்கும். எண்ணை எட்டவேண்டும் என்று ஓடி மூச்சு வாங்குவது ஆபத்து. அவர்களுக்குக் கதைக்கும் சோதனைதான் அளவுகோல்.

முதல் கிழமை 10 நிமிடம் போதும். ஒவ்வொரு கிழமையும் 5 நிமிடம் கூட்டினால் ஐந்தாவது கிழமையில் அரை மணி வந்துவிடும். முதல் 5 நிமிடமும் கடைசி 5 நிமிடமும் மெதுவாக நடங்கள். கடைசி 5 நிமிடத்தை வெட்டிவிட்டு வாகனத்தில் ஏறி உட்காருகிறவர்கள் பலர். அம்லோடிப்பின், நிஃபெடிப்பின், பிரசோசின் எடுப்பவர் அப்படி நின்றால் காலில் குருதி தேங்கி, எழும்பும்போது கண் இருட்டும்.

அரை மணி ஒரே மூச்சாகக் கிடைக்காதவர் 10 நிமிடமாக மூன்று தடவை நடக்கலாம், பலன் குறையாது. கோட்டையில் வேலை செய்கிறவர் காலையில் ஒரு தரிப்பிடம் முன்னதாக பஸ்ஸால் இறங்கி 10, மதியச் சாப்பாட்டுக்கு முன் 10, மாலையில் 10 என்று பிரிக்கலாம்.

இடமும் நேரமும் முக்கியம். காலி முகத்திடல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரைக் கிலோமீற்றர். இரண்டு தடவை போய் வந்தால் 2 கிலோமீற்றர், ஏறத்தாழ 27 நிமிடம். சுதந்திர சதுக்கத்தைச் சுற்றிய பாதை சமதளம், நிழலும் உண்டு. விகாரமகாதேவி பூங்காவில் மரங்கள் இருப்பதால் ஏழரை மணிக்கும் நடக்கலாம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஆட்களுக்கு மரைன் டிரைவ் பக்கத்தில், காலை ஆறு முதல் ஏழு வரை. காலி வீதியின் நடைபாதையில் எட்டு மணிக்கு நடப்பது வீண். அங்கே வாகனப் புகையைத்தான் ஆழமாக இழுப்பீர்கள், அந்தப் புகையும் குருதிக் குழாய்களைச் சுருக்கும். ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கரையோரத் தண்டவாளத்தில் நடக்காதீர்கள். கடலின் இரைச்சலில் ரயில் வரும் சத்தம் கேட்காது, காதில் பாட்டும் ஓடினால் கேட்கவே கேட்காது.

மறைந்த செலவு முதலில் சப்பாத்து. 500 முதல் 800 கிலோமீற்றரில் அடிப்பகுதி நொய்ந்துவிடும். கிழமைக்கு 11 கிலோமீற்றர் நடக்கிறவருக்கு அது ஒரு வருடத்துக்கு ஒரு சோடி. பாட்டா செருப்போடு வேகமாக நடந்தால் குதிக்கால் நோ வந்து ஒரு மாதம் வீட்டில் இருக்க நேரும். இரண்டாவது செலவு, முடித்த பிறகு வாயில் போடுவது. காலி முகத்திடலில் இறால் வடையும் சட்னியும், திரும்பி வரும் வழியில் ரோல்ஸும் என்றால் அன்றைய நடையின் பலனை உப்பு தின்றுவிடும். ஒரு நாளுக்கு வளர்ந்தவர் எடுக்கக்கூடிய உப்பு 5 கிராம், ஒரு தேக்கரண்டியை விடக் குறைவு.

குடிக்க வெறும் தண்ணீர் போதும், நடக்க முன் ஒரு கிளாஸ், பின் ஒன்று. வியர்வைக்கு என்று ஜீவனி கரைத்துக் குடிப்பது பிரஷர்காரருக்கு வேண்டாத உப்பு. அது வயிற்றோட்டத்துக்கு உரியது. செவ்விளநீர் நல்லதுதான், ஆனால் பொட்டாசியம் கூட. லொசார்ட்டன், எனலாப்பிரில், ஸ்பைரோனோலக்ரோன் எடுப்பவரும் சிறுநீரகம் பலவீனமானவரும் தினமும் குடிக்க முன் வைத்தியரைக் கேட்க வேண்டும். இன்சுலின் அல்லது கிளிக்கிலசைட், கிளிபென்கிளமைட் எடுக்கும் நீரிழிவுக்காரர் வெறும் வயிற்றில் போகாமல், சட்டைப் பையில் நாலைந்து டொபியும் வைத்திருக்க வேண்டும்.

சுவர்க்குந்து

முதுகைச் சுவரில் சாய்த்து, கண்ணுக்குத் தெரியாத கதிரையில் இருப்பதுபோல் அசையாமல் நிற்பது. இறுகிய தொடைத் தசை குருதி ஓட்டத்தை நெருக்கும், விட்டதும் ஓட்டம் பாய்ந்து வரும். இதைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது குழாய்கள் தளரப் பழகுகின்றன. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இரண்டு அறைக்குள் ஆறு பேர் இருந்தாலும் இதற்கு ஒரு சுவர் கிடைக்கும்.

பாதங்களைச் சுவரிலிருந்து ஏறத்தாழ இரண்டு அடி தள்ளி, இடுப்பகலத்துக்கு வையுங்கள். சறுக்காத சப்பாத்து போடுங்கள். ரைல்ஸ் நிலத்தில் காலுறையோடு செய்து வழுக்கி விழுந்தால் நாரி எலும்பு பாதிக்கப்படும். மெதுவாகக் கீழே சறுக்குங்கள். முதல் நாளே கதிரை உயரத்துக்கு இறங்க வேண்டாம், பாதி வழியில் நில்லுங்கள். குனிந்து பார்த்தால் பெருவிரல் தெரிய வேண்டும், முழங்கால் அதை மறைத்தால் பாதத்தை இன்னும் முன்னே வையுங்கள். கைகள் தொடையில் ஊன்றக் கூடாது, பக்கத்தில் தொங்கட்டும்.

2 நிமிடம் பிடியுங்கள், 2 நிமிடம் கதிரையில் இருங்கள். இப்படி நாலு தடவை. கடைசி ஓய்வைக் கணக்கில் எடுக்காமல் மொத்தம் 14 நிமிடம், கிழமைக்கு மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதல் தடவை இலகுவாகவும், நாலாவது தடவையின் கடைசி அரை நிமிடம் தொடை நடுங்குவதாகவும் இருந்தால் உயரம் சரி. இரண்டாவது தடவையிலேயே நடுங்கினால் மேலே ஏறி நில்லுங்கள். நாலாவதும் இலகு என்றால் அடுத்த கிழமை இரண்டு விரல் அகலம் கீழே.

பிழைக்கிற இடம் மூச்சு. தொடை எரியும்போது பல்லைக் கடித்து மூச்சை அடக்குவது இயல்பாக வரும், அந்தக் கணத்தில்தான் பிரஷர் பாயும். தடுக்க எளிய வழி சத்தமாக எண்ணுவது. ஒன்று முதல் நூற்றிருபது வரை வாய்விட்டு எண்ணுகிறவரால் மூச்சை அடக்க முடியாது. முடிந்ததும் பாய்ந்து எழும்பாமல், கையால் சுவரைப் பிடித்து மெல்ல ஏறுங்கள்.

நீரிழிவால் விழித்திரையில் புதிய குழாய்கள் முளைத்தவர், வயிற்றுப் பெருநாடி வீங்கியவர், அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், 160/100க்கு மேல் நிற்பவர் இதைத் தாமாகத் தொடங்கக் கூடாது. முழங்கால் தேய்ந்தவருக்கும் இது பொருந்தாது.

இதன் மறைந்த செலவு, இது செய்யாத வேலை. சீனியையும் எடையையும் நடையைப் போல இது குறைக்காது. 14 நிமிடத்தில் கடமை முடிந்தது என்று மிச்ச நாள் முழுக்கக் கதிரையில் இருந்தால் பிரஷர்த் தாள் அழகாக இருக்கும், சீனித் தாள் வேறு கதை சொல்லும். நடைக்குப் பதிலாக வைக்காமல், நடைக்குத் துணையாக வைக்க வேண்டிய பயிற்சி இது.

முழங்கால் இடம் தராதவருக்கு இதே வகையில் கைப்பிடி இருக்கிறது. முழு பலத்தின் 30 சதவீதத்தில் 2 நிமிடம் பிடித்து, 1 நிமிடம் விட்டு, கை மாற்றி நாலு தடவை. சிக்கல் என்னவென்றால், விளையாட்டுப் பொருட்கடையில் விற்கும் சுருள்வில் பிடி உங்கள் 30 சதவீதம் எது என்று சொல்லாது. ஒருவருக்கு அது 20 ஆகும், இன்னொருவருக்கு 70. அளவு காட்டும் பிடிமானி வாங்கினால்தான் இந்த வழி முழுமையாக வேலை செய்யும்.

நிலைச் சைக்கிள்

பலன் நடையைப் போல, முழங்காலில் பாரம் நடையை விடக் குறைவு, மழை பற்றிய கவலை இல்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றும், ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் மழையும் வெளியே விடாத நாட்களில் இதன் அருமை தெரியும்.

வாங்கிய முதல் நாளே ஆசன உயரத்தைச் சரி செய்யுங்கள். மிதி அடியில் இருக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்க வேண்டும். ஆசனம் தாழ்ந்தால் முழங்காலின் முன்பக்கம் நோகும், கூடினால் இடுப்பு இரு பக்கமும் ஆடி நாரி பிடிக்கும். நிமிடத்துக்கு 60 முதல் 70 சுற்று, கதைக்க முடியும் அளவு இறுக்கம். மூடிய அறையில் காற்றே இராது, எனவே மின்விசிறியை நேராக முகத்துக்கு வையுங்கள்.

இது பல வீடுகளில் மூன்று மாதத்தில் உடுப்புக் காயவிடும் கொடியாகிவிடுகிறது. வாங்க முன் ஒரு மாதம், கிழமைக்கு ஐந்து நாள், வேறெந்த முறையிலாவது அரை மணி பயிற்சி செய்து பாருங்கள். அந்த ஒரு மாதம் நின்றால் வாங்குங்கள். தொடர்மாடியில் இருப்பவருக்குச் செலவில்லாத மாற்றும் உண்டு: மாடிப்படி. மெதுவாக 10 நிமிடம் ஏறுங்கள், இறங்குவதற்கு லிஃப்ட் எடுங்கள். முழங்காலுக்கு ஏறுவதை விட இறங்குவதே கூடுதல் அடி.

எடைப் பயிற்சி

ஐம்பதைத் தாண்டியவருக்கு இது பிரஷரோடு தசையையும் காக்கும். பிரஷர்காரருக்குரிய முறை வேறு: குறைந்த பாரம், கூடிய தடவை. 10 முதல் 15 தடவை தூக்கக்கூடிய, முடிவில் இன்னும் இரண்டு மூன்று தடவைக்குப் பலம் மிஞ்சும் பாரம். கால், நெஞ்சு, முதுகு, தோள், கை என்று 8 பயிற்சி, கிழமைக்கு இரண்டு மூன்று நாள். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். தலை இதயத்துக்குக் கீழே வரும் சாய்ந்த பெஞ்ச் வேண்டாம். பக்கத்தில் தூக்குகிற இளைஞரோடு போட்டி வேண்டவே வேண்டாம்.

ஜிம்மில் சேர்ந்த அன்றே பயிற்றுநரிடம் பிரஷர் இருப்பதையும் எடுக்கும் குளிசையையும் சொல்லுங்கள். கேட்டு எழுதிக்கொள்ளாத இடம் என்றால் வேறு இடம் பாருங்கள்.

கட்டணத்தை விடப் பெரிய செலவு இரண்டு. ஒன்று, பயிற்சிக்கு முன் உற்சாகத்துக்கு என்று விற்கும் மாவு. அதில் கஃபீன் நிறைய, அது பிரஷரை ஏற்றும். மற்றது, உடம்பு நோவுக்கு ஃபார்மசியில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனக், ஐபுபுரோஃபென். இவை உப்பையும் நீரையும் உடலில் தேக்கி பிரஷரைக் கூட்டும், சில பிரஷர் குளிசைகளின் வேலையையும் கெடுக்கும், சிறுநீரகத்தையும் நெருக்கும். தண்ணீரில் போட்டால் நுரைக்கும் பரசிற்றமோலிலும் சோடியம் கூட. நோவு வந்தால் சாதாரண பரசிற்றமோலும் இரண்டு நாள் ஓய்வும் போதும்.

காசு கட்டப் பிடிக்காதவருக்கு ஒரு இறப்பர் இழுபட்டி, மேசையில் கை ஊன்றிய தண்டால், கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பி இருத்தல் ஆகிய மூன்றே நல்ல தொடக்கம்.

நீச்சல்

முழங்காலும் இடுப்பும் தேய்ந்தவருக்கும் உடல் பருத்தவருக்கும் இதற்கு நிகர் இல்லை. நீந்தத் தெரிய வேண்டும் என்பதுகூட இல்லை. நெஞ்சளவு தண்ணீரில் அரை மணி வேகமாக நடந்தாலும் பலன் உண்டு. ஆனால் தடாகக் கட்டணம், போய்வரும் நேரம், பெண்களுக்கு ஒதுக்கிய நேரம் உண்டா என்பது எல்லாம் பார்த்த பிறகுதான் கிழமைக்கு மூன்று நாள் நடக்குமா என்று தெரியும். அரை மணி நீச்சலுக்கு இரண்டு மணி நேரம் போனால் அது நீடிக்காது. ஏணியால் வெளியே வரும்போது ஒரு நிமிடம் பிடித்து நில்லுங்கள், தண்ணீரின் அழுத்தம் விலகியதும் தலை சுற்றலாம். வெள்ளவத்தைக் கடலில் இறங்குவது இதற்கு மாற்று அல்ல. பருவக்காற்று மாதங்களில் இழுப்பு மோசமானது.

யோகாவும் மெதுவான மூச்சும்

நிமிடத்துக்கு 6 மூச்சு, அதாவது 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுவது, 10 நிமிடம். இது இதயத் துடிப்பைத் தளர்த்தும், மனப் பதற்றத்தால் ஏறும் பிரஷருக்கு நன்றாகக் கேட்கும். ஆசனங்களில் நின்று செய்பவையும் சவாசனமும் பாதுகாப்பானவை. சிரசாசனம், சர்வாங்காசனம், கபாலபாதி, பஸ்திரிகா ஆகியவற்றைப் பிரஷர் கட்டுக்குள் வரும்வரை தவிர்க்க வேண்டும். மூச்சை உள்ளே நிறுத்திவைக்கும் கும்பகமும் அப்படியே. வகுப்பில் எல்லோரும் செய்யும்போது "நான் செய்யவில்லை" என்று சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

இதை மட்டும் நம்பி நடையை விடுவது சரியல்ல. ஆய்வுகளின் தரமும் முடிவும் மிகவும் மாறுபடுகின்றன. நடைக்குப் பிறகு 10 நிமிடம் மூச்சு என்று சேர்த்தால் அருமையான துணை.

யாருக்கு எது

நாற்பது வயது, 138/88, குளிசை இன்னும் இல்லை, முழங்கால் நலம் என்றால் ஐந்து நாள் நடையும் மூன்று நாள் சுவர்க்குந்தும். கிழமைக்கு மூன்றரை மணி நேரத்துக்குள் அடங்கும்.

அறுபதைத் தாண்டி, மூன்றாம் மாடியில் இருந்து, முழங்கால் தேய்ந்த அம்மா ஒருவருக்கு நிலைச் சைக்கிள் அல்லது தண்ணீருக்குள் நடை, கூடவே கதிரையிலிருந்து எழும்பும் பயிற்சி. சுவர்க்குந்து வேண்டாம்.

புறக்கோட்டையில் கடை வைத்து ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவர் "நான் நாள் முழுக்க நிற்கிறேனே" என்பார். நிற்பது பயிற்சி அல்ல, காலில் குருதி தேங்குவதுதான் மிச்சம். கடை திறக்க முன் 15 நிமிடம், பூட்டிய பின் 15 நிமிடம் வேக நடை. அது முடியாத நாளில் கடைச் சுவரிலேயே சுவர்க்குந்து.

பிரஷரும் சீனியும் சேர்ந்தவருக்கு நடை முதலிடம், எடைப் பயிற்சி இரண்டாமிடம். கண் பரிசோதனை செய்யாமல் சுவர்க்குந்தும் பாரமும் தொடங்க வேண்டாம்.

வேலைப் பதற்றத்தால் நித்திரையும் கெட்டவருக்கு மாலை நடையும் படுக்க முன் மெதுவான மூச்சும்.

இறங்குகிறதா என்று பார்ப்பது

கைமேல் கட்டும் டிஜிற்றல் கருவி வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். பட்டி உங்கள் கையின் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும், சிறிய பட்டி எண்ணைக் கூட்டிக் காட்டும். பயிற்சி, பிளேன்ரீ, கோப்பி, சிகரெட் எல்லாம் முடிந்து அரை மணி கழிய வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, பாதம் நிலத்தில் பட, கால் மேல் கால் போடாமல், கையை மேசையில் இதய உயரத்தில் வைத்து 5 நிமிடம் பேசாமல் இருங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து இரண்டையும் எழுதுங்கள்.

பயிற்சி தொடங்க முன் ஏழு நாள், காலையும் மாலையும். முதல் நாளை விட்டுவிட்டு மிச்ச ஆறு நாளின் சராசரியை எடுங்கள். எட்டுக் கிழமை கழித்து அதே மாதிரி இன்னொரு ஏழு நாள். வீட்டுச் சராசரிக்கு எல்லை 135/85. இடையில் தினமும் அளந்து ஏறினால் பயப்படுவதும் இறங்கினால் குளிசையை விடுவதும் வேண்டாம். நாளுக்கு நாள் 10 புள்ளி ஆடுவது இயல்பு.

எட்டுக் கிழமையில் 4 புள்ளியாவது இறங்கியிருந்தால் தெரிவு சரி. அசையவே இல்லை என்றால் பயிற்சியை மாற்ற முன் மூன்றைப் பாருங்கள்: வேகம் உண்மையில் நிமிடத்துக்கு 100 காலடியா, கிழமைக்கு எத்தனை நாள் விடுபட்டது, உப்பும் நோக் குளிசையும் எவ்வளவு உள்ளே போனது. கணுக்கால் வீங்கினால் நடையைப் பழி சொல்லி நிறுத்த வேண்டாம், அம்லோடிப்பின் எடுப்பவரில் அது குளிசையாலும் வரும். வைத்தியரிடம் காட்டுங்கள். மேல் எண் 110க்குக் கீழே போய் எழும்பும்போது தலை சுற்றினாலும் அவரிடமே போக வேண்டும். இரண்டு ஏழு நாள் பதிவுகளையும் எடுக்கும் குளிசைகளின் பெயரையும் ஒரே தாளில் எழுதி, கிளினிக் கொப்பிக்குள் வைத்துக் கொண்டு போங்கள்.